கோபன்ஹேகனில் ஐந்து நாள்: மாமனாரோடு போகிறோம், எதைப் பார்க்கலாம்?

கேள்வி: ரோஸ் ஹில்காரி

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை கோபன்ஹேகனில் மேற்படிப்பு படிக்கிறாள். ஜூன் மாதம் அவளைப் பார்க்கப் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், மாமனார். ஐந்து நாள் தங்குவோம். நம் மொரிஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், டிக்கெட்டும் போட்டாயிற்று. எங்கே போவது என்பதுதான் பாக்கி.

தேடிப் பார்த்தால் திரும்பத் திரும்ப மூன்று படம்தான் வருகிறது. பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னி, கால்வாய்க் கரையில் வண்ண வண்ண வீடுகள், டிவோலி பூங்கா. மகனுக்கு டிவோலி போதும். எனக்கும் வண்ண வீடுகள் பிடிக்கும். ஆனால் மாமனார் அப்படிப்பட்டவர் இல்லை. தெற்கே ஒரு சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரலாறு என்றால் உயிர். தமிழிலும் பிரெஞ்சிலும் கிடைத்ததையெல்லாம் படிப்பார். "அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று போன வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். தமிழ்நாட்டில் டென்மார்க்காரர்கள் கோட்டை வைத்திருந்த தரங்கம்பாடி என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் அவர் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அவருக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏற முடியாது. நாங்கள் எல்லோரும் சைவம். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: காத்ர் போர்ன் தம்பி

அக்கா, நான் அங்கே இரண்டு வருடம் படித்தேன். வரலாறு மற்றவர்கள் சொல்வார்கள், நடைமுறை விஷயத்தை நான் சொல்கிறேன்.

விமான நிலையத்துக்குள்ளிருந்தே மெட்ரோ புறப்படுகிறது. கால் மணி நேரத்தில் ஊர் நடுவில் இறங்கிவிடலாம். ஓட்டுநர் இல்லாத ரயில், இரவு பகல் எந்நேரமும் ஓடும். மகனை முதல் பெட்டியின் முன்கண்ணாடி பக்கத்தில் உட்கார வையுங்கள், சுரங்கம் முழுவதையும் அவனே ஓட்டுவதுபோல இருக்கும். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, மாமாவுக்குக் கஷ்டமில்லை.

சைக்கிள் பாதையில் மட்டும் காலை வைக்காதீர்கள். நடைபாதையை ஒட்டியே இருக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காலை எட்டு மணிக்கு அதில் வேலைக்குப் போகிறவர்கள் வேகமாக வருவார்கள். பேருந்திலிருந்து இறங்கும்போதும் இரண்டு பக்கமும் பார்த்து இறங்குங்கள்.

ஜூன் மாதம் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனாலும் காற்று குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம். ஜூன் 5 அவர்களுடைய அரசியலமைப்பு நாள். 1849-ல் முதல் அரசியலமைப்பு கையெழுத்தான தேதி. அன்று கடைகள் மூடியிருக்கும். 23-ஆம் தேதி இரவு நீங்கள் அங்கே இருந்தால் கடற்கரைப் பக்கம் போங்கள், ஊரெங்கும் நெருப்பு மூட்டிப் பாடுவார்கள்.

சைவத்துக்குப் பயமில்லை. நோரெபோர்ட் நிலையத்தை ஒட்டிக் கண்ணாடிக் கூடம்போல ஒரு சந்தை இருக்கிறது, டோர்வஹாலர்ன் என்று பெயர். கம்பு ரொட்டியின்மேல் உருளைக்கிழங்கை வரிசையாக அடுக்கி வெங்காயத்தாள் தூவித் தருவது கிடைக்கும். அவர்கள் கறுப்பு ரொட்டி புளிப்பாக, கனமாக இருக்கும். மாமாவுக்குப் பிடிக்காமல் போகலாம். நோரெப்ரோ பக்கம் பருப்பு, மிளகாய்த்தூள், அரிசி எல்லாம் விற்கும் கடைகள் உண்டு. தங்கை வீட்டில் அடுப்பு இருக்கிறதே, சமைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாப்பிட்டால் விலை தாங்காது.

பதில்: துறைமுகத்து ஆள், போர்ட் லூயி

அம்மா, உங்கள் மாமனார் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் அந்த ஊரில் இருக்கிறது, தேட வேண்டிய இடம் மட்டும் வேறு.

நான் போர்ட் லூயி சுங்கத்தில் வேலை பார்த்தவன். மகள் அங்கே குடியேறிவிட்டதால் கோடையில் போய் இருந்துவிட்டு வருகிறேன். துறைமுகத்தில் காலம் கழித்தவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண் போவது கிடங்குகளின் மேல்தான். அரண்மனையை எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். கிடங்கு அப்படியில்லை, உள்ளே என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்பதற்கு ஏற்றபடிதான் அதைக் கட்ட முடியும். கோபன்ஹேகனை நான் கிடங்கு கிடங்காகத்தான் பார்த்தேன். உங்கள் மாமனாருக்கும் அப்படியே காட்டுங்கள் என்று சொல்லுவேன். அதில் மிளகும் துணியும் வரும், கடைசியில் சர்க்கரையும் வரும்.

முதல் நாள் ஸ்லாட்ஸ்ஹோல்மன் தீவுக்குப் போங்கள். ஊரே அங்கிருந்துதான் தொடங்கியது என்று சொல்வார்கள். 1167-ல் அப்சலோன் என்ற பிஷப் அங்கே ஒரு கோட்டை கட்டினார். இப்போது அதன்மேல் கிறிஸ்தியன்ஸ்போர்க் மாளிகை நிற்கிறது, நாடாளுமன்றம் அதற்குள்தான். மாளிகைக்கு அடியில் பழைய கோட்டையின் சுவர்களைத் தோண்டி எடுத்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். மாளிகைக் கோபுரம் 106 மீட்டர், ஊரிலேயே உயரமானது. லிஃப்டில் போகலாம், கட்டணம் கிடையாது. மாமனாரை முதலில் அங்கே ஏற்றிவிடுங்கள். துறைமுகம் எங்கே, கால்வாய் எங்கே, எந்தப் பக்கம் கடல் என்று ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

இறங்கி அரச நூலகத்துக்குப் பின்னால் உள்ள தோட்டத்துக்கு வாருங்கள். சுற்றிலும் செங்கல் கட்டடங்கள், நடுவில் குளம், பெஞ்சுகளில் மதியச் சாப்பாடு சாப்பிடும் ஆட்கள். சுற்றுலாக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு கடந்து போய்விடுவார்கள். அது ஒரு காலத்தில் துறைமுகம். நான்காம் கிறிஸ்தியன் மன்னன் கட்டிய கடற்படைத் துறை. ஒரு பக்கம் ஆயுதக் கிடங்கு, எதிர்ப்பக்கம் உணவுக் கிடங்கு. கப்பல் நடுவில் வந்து நின்றால் இந்தப் பக்கம் பீரங்கியும் அந்தப் பக்கம் உப்பிட்ட இறைச்சியும் ஏற்றலாம். பிறகு தூர்த்துத் தோட்டமாக்கினார்கள். கப்பலைக் கட்டிய இரும்பு வளையங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. நான் அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். பூச்செடிக்குப் பக்கத்தில் நின்று நம் துறைமுகத்து வாசனை எனக்கு அடித்தது என்றால் நம்புவீர்களோ தெரியாது.

இந்த நான்காம் கிறிஸ்தியன்தான் 1616-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தவன். 1618-ல் ஓவெ யெட்டெ என்ற பிரபுவின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. போகும் வழியிலேயே ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். முதலில் இலங்கைக்குப் போய்க் கண்டி அரசனோடு ஒப்பந்தம் செய்வதுதான் திட்டம், அது பலிக்கவில்லை. அதற்குள் முன்னால் அனுப்பிய ஒரு கப்பலைக் காரைக்கால் அருகில் போர்த்துக்கீசியர் மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பெ என்ற ஒல்லாந்தர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். அப்படித்தான் 1620 நவம்பரில் தரங்கம்பாடி அவர்கள் கைக்கு வந்தது. நாயக்கர் டென்மார்க் அரசனுக்குப் பொன் தகட்டில் தமிழில் ஓலை அனுப்பினார். அந்தப் பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில், தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டிமார் பலர் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர்கள். காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் ஒரு பொழுது நடைதான். அந்தக் கரையில் எழுதிய தமிழ் ஓலை வடக்கே ஓர் ஊரில் நானூறு வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. இதை உங்கள் மாமனாரிடம் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1639-ல் புறப்பட்ட கப்பல்களுக்குப் பிறகு 1669 வரை கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பலும் தரங்கம்பாடிக்கு வந்து சேரவில்லை. ஊரில் போர், கஜானாவில் காசில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் என்ற ஒரே டேனிஷ்காரர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். தலைநகரம் மறந்துபோன இடத்தை நம் ஆட்கள்தான் சேர்ந்து காப்பாற்றினார்கள். இது எந்தக் கையேட்டிலும் பெரிய எழுத்தில் இருக்காது.

இரண்டாம் நாள் பாலம் தாண்டிக் கிறிஸ்தியன்ஸ்ஹாவ்ன். அதே மன்னன் சதுப்பில் மண் கொட்டி எழுப்பிய வணிகர் பேட்டை. ஆம்ஸ்டர்டாமைப் பார்த்துச் செய்தது என்பது கால்வாயைப் பார்த்தாலே தெரியும். ஸ்ட்ராண்ட்கேட என்ற தெருவில் நடந்தால் ஆசியச் சதுக்கம் வரும். 1732-ல் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் 1738-ல் அங்கே கட்டப்பட்டது. பக்கத்தில் நீரை ஒட்டி 1750-ல் முடித்த பெரிய கிடங்கு. சீனத் தேயிலை, பீங்கான், நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி எல்லாம் அங்கேதான் இறங்கி ஏலம் போனது. இப்போது வெளியுறவு அமைச்சகம் அந்த வளாகத்தில் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்க்கலாம். ஜன்னல்கள் எவ்வளவு சின்னவை, சுவர் எவ்வளவு தடிமன் என்று கவனியுங்கள். பாரம் தாங்கும் கட்டடம்.

அந்தத் துணியில் ஒரு பகுதி கோபன்ஹேகனோடு நிற்கவில்லை. மறுபடி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது, அங்கே மனிதர்களை விலைக்கு வாங்க. வாங்கிய மனிதர்களைக் கரீபியன் கடலில் டென்மார்க்குக்கு இருந்த தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கரும்புக் காட்டில் விட்டார்கள். கரும்பிலிருந்து வந்த சர்க்கரை கோபன்ஹேகனுக்கு வந்தது. நம் தறியில் நெய்த துணி அந்த வியாபாரத்துக்குள் எப்படிப் போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

அதற்கான கிடங்கும் நிற்கிறது. அமாலியன்போர்க் அரண்மனைக்குப் பக்கத்தில் நீரை ஒட்டி மேற்கிந்தியக் கிடங்கு, 1780-களில் கட்டியது. வாசலில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கு ஒரு நகல் நிற்பதால் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பழைய சுங்கத்துறையும் அந்தப் பக்கம்தான். சர்க்கரை கச்சாவாக பீப்பாயில் வந்து இறங்கும். ஊருக்குள் இருந்த சர்க்கரை வீடுகளில் அதை மறுபடி காய்ச்சி வெள்ளையாக்கி விற்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நகரத்தின் பெரிய தொழில்களில் அது ஒன்று. காய்ச்சும் லாபம் தலைநகரத்துக்கு, வெட்டும் வேலை தீவுக்கு. நம் ஊர்ச் சர்க்கரையும் 2009 வரை பெரும்பாலும் கச்சாவாகவே ஐரோப்பாவுக்குப் போய் அங்கேதான் வெள்ளையானது. ஆலையில் வேலை பார்த்த உங்கள் மாமனாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் அமாலியன்போர்க். நான்கு மாளிகை, நடுவில் எட்டுமூலைச் சதுக்கம். 1794-ல் பழைய கிறிஸ்தியன்ஸ்போர்க் எரிந்ததும் அரச குடும்பம் இங்கே குடிவந்தது. நண்பகல் 12 மணிக்குக் காவலர் மாறுவதைப் பார்க்க எல்லோரும் கூடுவார்கள், பையனுக்குப் பிடிக்கும். நீங்கள் நடுவில் குதிரைமேல் இருக்கும் ஐந்தாம் ஃபிரெடரிக் சிலையைப் பாருங்கள். அதற்குப் பணம் கொடுத்தது ஆசியக் கம்பெனி. சிற்பி சாலி வருடக்கணக்காக உழைத்து, சிலை 1771-ல்தான் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள நான்கு மாளிகைக்கும் ஆன செலவு அந்த ஒரு சிலைக்கு ஆனதாகச் சொல்வார்கள். அந்த வெண்கலத்தில் தேயிலையும் தரங்கம்பாடித் துணியும் உருகிக் கிடக்கிறது என்றுதான் நான் என் பேரனுக்குச் சொன்னேன்.

கடற்கன்னியைப் பற்றிக் கேட்டால், போகிற வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். 1913-ல் வைத்தது, 1.25 மீட்டர்தான். பீர் ஆலை முதலாளி கார்ல் யாகப்சன் செய்யச் சொல்லிக் கொடுத்தது.

ரோஸ் ஹில்காரி

ஐயா, வேலையிலிருந்து வந்ததும் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லி அந்தத் துணி வரும் பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது கேட்டார்: அந்தத் தீவுகளில் அடிமைமுறை எப்போது ஒழிந்தது, ஒழிந்த பிறகு கரும்பை யார் வெட்டினார்கள்? நம்மைப்போலக் கூலிகளை இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்களா? ஊரும் பலமுறை எரிந்ததாக எங்கோ படித்திருக்கிறார். பழையது ஏதாவது மிச்சமிருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார்.

பதில்: தமிழாசிரியை, வாக்குவா

தங்கச்சி, நான் ஒன்று சேர்க்கிறேன். கிடங்குகள் முக்கியம்தான், ஆனால் அந்த ஊரிலிருந்து நம் கரைக்கு வந்தது வியாபாரம் மட்டும் இல்லை. தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்க் ஜெர்மானியர் என்றாலும் அவரை அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். கோபன்ஹேகனில்தான் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். மணலில் எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தார். கம்பெனி ஆட்களோடு மோதியதால் அவரை நான்கு மாதம் கோட்டையில் சிறை வைத்தார்கள். அச்சகம் வரவழைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715-ல் முடித்தார். நான் வகுப்பில் அச்சுத் தமிழைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தேதிகளைப் பலகையில் எழுதுவேன். மதம் மாற்ற வந்தவர் என்பது உண்மை. நம் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டவர் என்பதும் உண்மை. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தேசிய அருங்காட்சியகத்தை விடாதீர்கள். சூரிய ரதம் என்று ஒன்று இருக்கிறது. வெண்கலக் குதிரை ஒன்று பொன் பூசிய வட்டத்தைச் சக்கரத்தில் இழுத்துப்போகும். ஏறத்தாழ கி.மு. 1400-ல் செய்தது, 1902-ல் உழும்போது கிடைத்தது. ஏழு குதிரை பூட்டிய சூரியனைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அந்த ஒற்றைக் குதிரையைப் பார்த்ததும் மனசு நின்றுவிடும். தரங்கம்பாடியில் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கக் கைகொடுத்ததும் இந்த அருங்காட்சியகம்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நுழைவு இலவசம்.

டிவோலியைக் குழந்தைக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். 1843-ல் திறந்தது. 1914-ல் கட்டிய மர ரோலர்கோஸ்டர் இன்றும் ஓடுகிறது, ஒவ்வொரு ரயிலிலும் ஓர் ஆள் உட்கார்ந்து பிரேக் பிடிக்கிறார். சாயங்காலம் போங்கள், விளக்கு போட்ட பிறகு பார்க்க வேண்டும்.

கோயில் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இலங்கைத் தமிழர்களின் பெரிய கோயில்கள் தலைநகரில் இல்லை. ஹெர்னிங்கில் விநாயகர், பிராண்டெயில் அபிராமி அம்மன், இரண்டும் ஜட்லாந்து பக்கம். ரயிலில் பல மணி நேரம். ஐந்து நாளில் அதற்கு நேரம் போதாது.

பதில்: துறைமுகத்து ஆள், போர்ட் லூயி

ஆசிரியை அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

மாமனார் கேட்டதற்கு வருகிறேன். அடிமை வியாபாரத்தை நிறுத்தும் ஆணை 1792-ல் வந்தது, 1803 தொடக்கத்தில்தான் அமலுக்கு வந்தது. அதற்குப் பாடுபட்ட நிதியமைச்சர் எர்ன்ஸ்ட் ஷிம்மெல்மானின் குடும்பத்துக்கே அந்தத் தீவில் தோட்டமும் அடிமைகளும், கோபன்ஹேகனில் சர்க்கரை காய்ச்சும் வேலையும் இருந்தன. அவர்களுடைய மாளிகை பிரெட்கேட தெருவில் இன்னும் நிற்கிறது. அடிமைமுறையே ஒழிந்தது 1848-ல், அதுவும் செயின்ட் குரோய் தீவில் அடிமைகள் திரண்டு கிளம்பிய பிறகு. நம் தீவில் 1835. கூலிகள் விஷயத்தில் மாமனார் ஊகித்தது சரி. 1863-ல் கல்கத்தாவிலிருந்து 300-க்குச் சற்று அதிகமானவர்களை ஒப்பந்தத்தில் அங்கே கொண்டுபோனார்கள். அந்த ஒரு முறையோடு நின்றுவிட்டது. நம் போர்ட் லூயி அப்பிரவாசி படித்துறையில் லட்சக்கணக்கில் இறங்கியவர்களோடு ஒப்பிட்டால் சிறு கூட்டம்தான், ஆனால் வேலை ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். 1917-ல் அந்தத் தீவுகளை அமெரிக்காவுக்கு 25 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டார்கள். தரங்கம்பாடியை அதற்கு முன்பே 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றாயிற்று.

ஊர் எரிந்த கதை: 1728 அக்டோபரில் பழைய நகரத்தில் கிட்டத்தட்ட பாதி போனது. 1795-ல் மறுபடி. 1807 செப்டம்பரில் ஆங்கிலக் கடற்படை வந்து மூன்று இரவு குண்டும் ராக்கெட்டும் வீசியது, பெரிய தேவாலயத்தின் கோபுரம் எரிந்து விழுந்தது. டென்மார்க்கின் கப்பல் படையை நெப்போலியன் எடுத்துக்கொள்வான் என்ற பயத்தில், அதைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு போகவே ஆங்கிலேயர் வந்தார்கள். அதற்கு முன்னால் சண்டைக் காலங்களில் டென்மார்க் நடுநிலைக் கொடியோடு எல்லாத் துறைமுகத்துக்கும் போய்ச் சம்பாதித்தது, அந்தக் கொடி கட்டிய கப்பல்கள் நம் போர்ட் லூயிக்கும் வந்து போயின. 1807-ல் கோபன்ஹேகன் எரிந்தது. 1808-ல் தரங்கம்பாடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1810 டிசம்பரில் நாம். அதே வருடம் நம் தீவில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கிராண்ட் போர்ட் சண்டையைப் பள்ளிக்கூடத்தில் தனியாகப் படித்தோம். அது இந்தப் பெரிய சங்கிலியில் ஒரு கண்ணி என்று எனக்கு அந்தத் தேவாலயத்துக்குள் நின்றபோதுதான் உறைத்தது.

பழையதில் மிச்சம் என்றால் வட்டக் கோபுரம். 1642-ல் முடிந்தது. மாமனாரின் முழங்காலுக்கு அது ஒரு வரம், ஏனென்றால் உள்ளே படிக்கட்டே இல்லை. சுற்றிச் சுற்றி மேலே போகும் செங்கல் சாய்தளம், 209 மீட்டர் நீளம். 1716-ல் ருஷ்யாவின் பீட்டர் மன்னன் அதில் குதிரையிலேயே ஏறினான். உச்சியில் மட்டும் கொஞ்சம் குறுகலான படி, அதற்கு முன்னாலேயே நின்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒளியின் வேகத்துக்கு முதன்முதலில் கணக்குச் சொன்ன ஓலெ ரோமர் அங்கே வானம் பார்த்தவர். அவர் எழுதி வைத்த குறிப்புகளில் பெரும்பகுதி 1728 தீயில் போய்விட்டது.

பங்குச்சந்தைக் கட்டடம் என்ற போர்சன் கிறிஸ்தியன்ஸ்போர்க் பக்கத்திலேயே. நான்கு டிராகன் வால்கள் பின்னிய கோபுரம் அதன் அடையாளம். 2024 ஏப்ரல் 16-ல் பழுதுபார்க்கும் வேலையின் நடுவே தீப்பிடித்துக் கோபுரம் சரிந்தது. நானும் மகளும் தொலைபேசியில் பேசிக்கொண்டே அதைத் திரையில் பார்த்தோம். தெருவில் போகிறவர்கள் ஓடிப் போய்ப் பழைய ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். அது 1600-களில் இதே கிறிஸ்தியன் மன்னன் வியாபாரிகளுக்காகக் கட்டியது. இப்போது மறுபடி கட்டுகிறார்கள். சாரம் போட்டிருந்தாலும் போய்ப் பாருங்கள், எரியாமல் நின்ற பகுதியையும் புதிதாக எழுப்பும் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

ஒரு நாளை ஹெல்சிங்கோருக்கு ஒதுக்குங்கள். ரயிலில் முக்கால் மணி நேரம். கடல் அங்கே அவ்வளவு ஒடுங்கியிருக்கும், எதிர்க்கரையில் ஸ்வீடனின் வீடுகள் தெரியும். 1429 முதல் 1857 வரை அந்த இடுக்கைக் கடக்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் டென்மார்க் அரசனுக்குச் சுங்கம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குரோன்போர்க் கோட்டையின் பீரங்கி பேசும். நம் தொழில்காரன் என்ற முறையில் இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம், அதற்கு ஏற்ற வரி. ஆனால் அவன் சொன்ன விலைக்கே சரக்கு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் உரிமை அரசனுக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். ஒரு அதிகாரியும் மூட்டையைப் பிரிக்காமல் உண்மை விலை தானாக வந்துவிடும். இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான சுங்க விதியை நான் எங்கும் படித்ததில்லை. இப்படி வந்த பணம்தான் பல காலம் அந்த அரசின் வருமானத்தில் பெரும்பங்கு. கோட்டைக்குள் படிகள் அதிகம். மாமனாரோடு நீங்கள் வெளியே மதில்மேல் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும்.

ரோஸ் ஹில்காரி

ஐயா, அம்மா, தம்பி, மூவருக்கும் மிகுந்த நன்றி. மாமா நோட்டுப் புத்தகம் எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று. பொன்னோலையை நேரில் பார்க்க முடியுமா?

பதில்: துறைமுகத்து ஆள், போர்ட் லூயி

ஆவணக் காப்பகம் அருங்காட்சியகம் மாதிரி இல்லை அம்மா, நேரே போய்க் கேட்டால் எடுத்துக் காட்டமாட்டார்கள். இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதலாம், யார் வருகிறார்கள், எதற்காக என்று தெளிவாகச் சொல்லுங்கள். தங்கை அங்கே மாணவி என்றால் அவள் பெயரில் கேட்பது இன்னும் நல்லது. என்ன பதில் வந்தாலும் இங்கே எழுதுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

ஹெல்சிங்கோர் ரயிலில் போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான் தெரியும்.